ஒரு கட்டத்தில் எத்தனை பேர்?

வாசலில் கோலமாவால் ஒரு கட்டம் போட்டேன். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். கார்த்திகை தீபத்துக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்த சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக அதற்குள் நிற்கச் சொன்னேன். இரண்டு பேர் நின்றபோது கைவீசிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்காவது ஆளாக அத்தை வந்ததும் தோளோடு தோள் உரசத் தொடங்கியது. ஐந்தாவது ஆளுக்குப் பிறகு யாராலும் குனிந்து தன் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை. ஏழாவதாக அண்ணன் மகளைச் செருகினோம். மூக்கு அரிக்கிறது என்றாள், ஆனால் கையை மேலே கொண்டுபோக வழியில்லை. "போதும் சித்தப்பா, மூச்சு முட்டுது" என்று அவள் சொன்னதும் எல்லோரும் சிரித்துக்கொண்டே கட்டத்தை விட்டு வெளியே வந்தார்கள்.

வெளியே வர நான்கு பக்கமும் வெற்றிடம் இருந்ததால் அது சிரிப்போடு முடிந்தது. அதே ஏழு பேரைச் சுற்றிலும் இன்னொரு ஏழு, அதைச் சுற்றி இன்னொரு ஏழு, இப்படியே இருநூறு அடி தூரத்துக்கு என்று நினைத்துப் பாருங்கள். பெருங்கூட்டத்தைக் காக்கும் காவல் பணியில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் அறிவியல் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்ற கணக்கு ஆளைக் கொல்வதில்லை. ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் என்பதே உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள எண்.

எங்கள் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று அதிகாலை 4 மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை 6 மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் கொடிமரத்துக்கு அருகே வந்து ஓரிரு நிமிடம் காட்சி தருவார். அதே நொடியில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் எரியும். ஊரே மலையைப் பார்த்து நின்று "அரோகரா" என்னும். அதற்கடுத்த பத்து நிமிடம்தான் காவல் துறைக்கு ஆண்டிலேயே மிக நீளமான பத்து நிமிடம். கோயிலுக்குள் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்ப்பார்கள். வெளியே நின்றவர்களில் பாதிப் பேர் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதைக்குத் திரும்புவார்கள், மீதிப் பேர் கோபுர வாசல்களை நோக்கி வருவார்கள். பிற மாவட்டங்களிலிருந்தெல்லாம் வரவழைக்கப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போலீசார் அன்று பந்தோபஸ்தில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த ஊரின் சந்துபொந்து தெரியாது.

இத்தகைய இடத்தில் நேரும் விபத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டாம்பீட்' என்கிறார்கள். மாட்டு மந்தை மிரண்டு ஓடுவதற்கான சொல் அது. தமிழில் நாம் 'நெரிசல்' என்கிறோம். கழுத்தை நெரிப்பது என்பதில் உள்ள அதே வினை. யாரும் திட்டமிட்டுச் சூட்டிய பெயரல்ல இது, ஆனாலும் உடற்கூறு ஆய்வு சொல்வதை அப்படியே சொல்கிறது. கூட்ட விபத்தில் இறப்பவர்களில் பெரும்பாலானோர் மிதிபட்டுச் சாவதில்லை, நின்ற நிலையிலேயே மூச்சு நின்று சாகிறார்கள். மூச்சை உள்ளே இழுக்க விலா எலும்புக்கூடு விரிய வேண்டும். முன்னும் பின்னும் உடல்கள் அழுத்தும்போது, மூச்சை விட்டதும் சுருங்கும் மார்பு மறுபடி விரிய இடமில்லாமல் போகிறது. ஒவ்வொரு மூச்சும் முந்தையதைவிடச் சிறியதாகி, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. உயரம் குறைந்தவர்களின் மார்பும் முகமும் மற்றவர்களின் முழங்கை மட்டத்தில் இருப்பதால் பெண்களும் குழந்தைகளும் முதலில் விழுகிறார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில் கூட்ட நெரிசலில் இறந்த 41 பேரில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும்தான்.

ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1971-இல் பாதசாரிகளுக்கான இடவசதி பற்றி ஒரு நூல் எழுதினார். ஒருவர் நடக்க, நிற்க, திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து வகைப்படுத்திய அந்த வேலையின்மீதுதான் இன்றைய கூட்ட அறிவியல் நிற்கிறது. சதுர மீட்டருக்கு ஏழு பேர் என்ற அளவை நெருங்கும்போது கூட்டம் ஏறத்தாழ ஒரு திரவம் போல ஆகிவிடுகிறது என்று அவர் எழுதினார். அந்த நிலையில் தனி மனிதரின் விருப்பத்துக்கு அர்த்தமில்லை. எங்கோ ஒருவர் இடறினால் அந்த அசைவு அலையாகப் பரவி, பல மீட்டர் தூரத்துக்கு ஆட்களைக் கால் தரையில் பாவாமல் தூக்கிக்கொண்டு போகும். இரும்புத் தடுப்புகள் வளைந்துபோன சம்பவங்கள் உண்டு. சவுக்குக் கட்டை கட்டிய நம் ஊர்த் தடுப்பு எவ்வளவு தாங்கும் என்று ஒவ்வொரு திருவிழாவிலும் நான் பார்த்துக்கொண்டே போகிறேன்.

கூட்டம் திரவமாவதற்கு முன்பே அடையாளம் காட்டுகிறது. 2006 ஜனவரி 12 அன்று மெக்கா அருகே மினாவில், ஹஜ் பயணிகள் கல்லெறியும் ஜமராத் பாலத்தின் நுழைவாயிலில் 340-க்கும் மேற்பட்டோர் நெரிசலில் இறந்தனர். அந்த இடத்தைப் படம் பிடித்திருந்த கேமரா பதிவுகளை டிர்க் ஹெல்பிங் என்ற இயற்பியலாளரும் அவருடைய குழுவினரும் கணினியில் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். சீராக ஓடிய கூட்டம் முதலில் நின்று நின்று நகரத் தொடங்கியது. நெடுஞ்சாலையில் வண்டிகள் நிற்பதும் நகர்வதுமாகப் போகுமே, அதேபோல ஓர் அலை பின்னோக்கிப் போனது. பிறகுதான் எல்லாத் திசையிலும் உலுக்கித் தள்ளும் கொந்தளிப்பு வந்தது. 'நின்று நகரும்' கட்டம் தெரிந்ததுமே பின்னால் வருவோரை நிறுத்தியிருக்கலாம் என்பதுதான் அந்த ஆய்வு விட்டுச் சென்ற செய்தி.

அண்மையில் இன்னும் நுட்பமான ஓர் அடையாளம் கிடைத்தது. ஸ்பெயினில் பாம்ப்லோனா நகரத்தின் சான் ஃபெர்மின் திருவிழாவில், தொடக்க நாளன்று ஒரு சிறிய சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் திரள்வார்கள். டெனி பர்டோலோவின் பிரெஞ்சு ஆய்வுக் குழு மாடிகளில் கேமரா வைத்துப் பல ஆண்டுகள் படம் பிடித்து, 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டது. சதுர மீட்டருக்குச் சுமார் நான்கு பேரைத் தாண்டியதும், யாரும் தள்ளாமலே நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து வட்டமாக ஊசலாடத் தொடங்குகிறார்கள். அந்தச் சதுக்கத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 18 விநாடி. உள்ளே நிற்பவருக்கு அது தெரியாது, மேலிருந்து பார்த்தால் தெரியும். 2010-இல் ஜெர்மனியின் டியூஸ்பர்க்கில் 21 பேரைப் பலிகொண்ட இசைவிழாவின் பதிவுகளிலும் அதே ஊசலாட்டம் இருந்தது. திருவண்ணாமலையில் தீபத்துக்கு ட்ரோன்கள் பறக்கின்றன, கண்காணிப்பு கோபுரங்கள் நிற்கின்றன. அந்தப் படங்களில் ஜேப்படித் திருடர்களைத் தேடுவதோடு இந்த ஊசலாட்டத்தையும் தேட ஒருவரை உட்கார வைக்கலாம்.

மேல்நாட்டு எண்களை அப்படியே இங்கே தூக்கிவந்து வைக்க முடியாது என்பதும் ஆய்வில் தெரிந்த ஒன்று. கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பார்த்தா சக்ரவர்த்தியும் ஜெர்மனியின் ஆர்மின் சைஃப்ரீடும் மற்றொரு ஆய்வாளரும் இரு நாட்டவரையும் ஒரே மாதிரித் தடத்தில் வரிசையாக நடக்கவிட்டு 2009-இல் ஒப்பிட்டார்கள். முன்னால் போகிறவருடன் ஜெர்மானியர்கள் விடும் இடைவெளியைவிட நம்மவர்கள் விடுவது குறைவு. நெருக்கம் கூடும்போது அவர்களின் வேகம் விழும் அளவுக்கு நம் வேகம் விழுவதில்லை. ஒரு வகையில் இது திறமை, ஆனால் அபாயம் வரும்வரை அபாயம் வந்ததாக உறைக்காத பழக்கமும் இதுவே.

இனி ஒரு கணக்கு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கடை, பந்தல், தடுப்பு போக நடக்கக் கிடைக்கும் அகலம் சராசரியாகப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,40,000 சதுர மீட்டர். கட்டத்துக்கு இரண்டு பேர் என்றால் ஒரே நேரத்தில் பாதையில் 2,80,000 பேர் இருக்கலாம். அந்த நெருக்கத்தில் முதியவர்களும் குழந்தைகளுமாக வெறுங்காலுடன் நடப்பவர்கள் விநாடிக்கு அரை மீட்டர் போவார்கள் என்று கொண்டால், ஓர் இடத்தைக் கடப்போர் நிமிடத்துக்கு 600 பேர், மணிக்கு 36,000 பேர், நாள் முழுக்க ஓயாமல் நடந்தால் 8,64,000 பேர். இருபது, முப்பது, நாற்பது லட்சம் என்று ஆண்டுதோறும் காதில் விழும் எண்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவற்றைக் குறை சொல்ல இதைப் போடவில்லை. பேருந்து எத்தனை, குடிநீர்த் தொட்டி எத்தனை, கழிப்பறை எத்தனை என்று தீர்மானிக்க லட்சக் கணக்கு வேண்டும். ஆனால் பாதையின் ஒரு முனையில் நிற்கும் காவலருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. அவர் கண் முன்னால் நிமிடத்துக்கு 600 போகிறதா, 300 ஆகிவிட்டதா என்பதே அவருக்கு வேண்டியது. நெருக்கம் ஓர் அளவைத் தாண்டினால் கூட்டம் கூடக் கூடக் கடந்துபோவோர் எண்ணிக்கை குறையும். பின்னால் நிற்பவர்களுக்கோ, 'நகரவே மாட்டேங்குது, கொஞ்சம் தள்ளினால் நகரும்' என்று தோன்றும்.

இதை ஊர்க்காரர்களுக்கு விளக்க இடுக்குப் பிள்ளையார் போதும். குபேர லிங்கத்தைத் தாண்டியதும் வரும் சின்னக் கல் மண்டபம் அது. ஒருக்களித்துப் படுத்து, உடலை நெளித்து, ஒவ்வொருவராகத்தான் அந்தப் பக்கம் வெளியே வர முடியும். ஒருவருக்கு இருபது விநாடி ஆகிறது என்று வைத்தால் மணிக்கு 180 பேர். அதே மணி நேரத்தில் 181-ஆவது ஆள் வந்து நின்ற கணத்திலிருந்து வரிசை நீளத் தொடங்கி, நடப்பவர்களின் பாதையைத் தின்னத் தொடங்குகிறது. இடுக்குக்குள் இருப்பவருக்கு ஆபத்தில்லை, அவரைச் சுற்றிக் கல் இருக்கிறது. ஆபத்து இடுக்குக்கு முன்னால், வரிசையும் நடையும் கலக்கும் இடத்தில். உலகத்தில் நடந்த நெரிசல்களில் பல இதுபோல வாசலுக்கு முன்பாகவோ, சரிவுக்குக் கீழாகவோ, வளைவிலோதான் நடந்திருக்கின்றன.

ஃப்ரூயின் பிற்காலத்தில் நெரிசலுக்குக் காரணமாக நான்கைச் சொன்னார்: விசை, தகவல், இடம், நேரம். முதல் மூன்றைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நேரத்தை மறந்துவிடுகிறோம். கரூரில் நண்பகல் முதலே காத்திருந்த கூட்டம் மாலை ஏழு மணிவரை நின்றது. தண்ணீரும் சோறும் இல்லாமல் நிற்கும் உடல் விழும்போது பக்கத்து உடலையும் சேர்த்து இழுக்கிறது. அங்கே யார் என்ன தவறு செய்தார்கள் என்பதை, உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட சி.பி.ஐ. விசாரணை சொல்லட்டும். காத்திருப்பு நீள நீள அபாயம் ஏறுகிறது என்பதைச் சொல்ல விசாரணை தேவையில்லை.

தகவல் பற்றி எனக்கு ஆதங்கம் அதிகம். 2025 ஜனவரி 8 இரவு திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகப் பூங்காவில் அடைத்து வைக்கப்பட்டிருந்த கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு உடல்நலம் கெட்டது. அவரை வெளியே கொண்டுவரக் கதவைத் திறந்தார்கள். டோக்கன் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்து மற்றவர்கள் பாய்ந்தார்கள். அன்றைய நெரிசல்களில் ஆறு பேர் இறந்தார்கள். அங்கே பேராசை எதுவும் இல்லை. கதவு எதற்காகத் திறக்கிறது என்பது கூட்டத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தென்கொரியாவின் இட்டேவானில் 2022 அக்டோபர் 29 இரவு சுமார் நான்கு மீட்டர் அகலச் சந்தில் நேர்ந்த நெரிசலால் 159 பேர் உயிரிழந்தார்கள். விபத்துக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் முன்பே, மாலை 6.34-க்கு, 'இங்கே நசுங்கிச் செத்துவிடுவார்கள் போலிருக்கிறது' என்ற பொருளில் ஒருவர் காவல் துறைக்கு போன் செய்துவிட்டார். அதற்குப் பின்னும் அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. செய்தி போய்ச் சேர்ந்தது, ஆனால் சந்துக்குள் ஆட்கள் நுழைவதை நிறுத்தும் முடிவை யாரும் எடுக்கவில்லை.

பிரயாக்ராஜ் கும்பமேளாவில் 2025-இல் செயற்கை நுண்ணறிவு பொருத்திய கேமராக்கள் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தன. ஆனாலும் ஜனவரி 29 விடியற்காலை சங்கமத்துக்கு அருகே குறைந்தது 30 பேர் இறந்தனர். கேமரா எண்ணும், தடுப்பைப் போட மனிதர்தான் வேண்டும். தீப பந்தோபஸ்தில் கோபுர வாசலில் பாயின்ட் டூட்டி பார்க்கும் ஒரு காவலர் 'இங்கே தாங்காது' என்று வாக்கி டாக்கியில் சொன்னால், அரை கிலோமீட்டருக்கு முன்னால் இருக்கும் தடுப்பு அடுத்த நிமிடமே விழ வேண்டும். யாரிடம் அனுமதி கேட்பது, எந்த வி.ஐ.பி. கார் வருகிறது என்ற யோசனை அந்த ஒரு நிமிடத்தைத் தின்னக்கூடாது. 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகத்தில் ஏறக்குறைய ஐம்பது பேர் இறந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று முதலமைச்சர் ஜெயலலிதா குளத்தில் நீராடினார். முக்கியப் பிரமுகருக்காக ஒதுக்கும் ஒவ்வொரு அடி இடமும் மற்றவர்களின் கட்டத்திலிருந்துதான் பிடுங்கப்படுகிறது.

'ஜனங்க பீதியில ஓடுனாங்க, ஒழுங்கு இல்ல' என்று விபத்துக்குப் பிறகு சொல்வது சுலபம். பிரான்சின் குஸ்தாவ் லெ போன் 1895-இல் கூட்டத்துக்குப் புத்தி இல்லை என்று எழுதியதிலிருந்து வரும் நம்பிக்கை அது. இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று நேர்ந்த நெரிசலில் 97 ரசிகர்கள் உயிரிழந்தபோதும் காவல் துறை பழியை ரசிகர்கள் மேல்தான் போட்டது. அவர்கள்மேல் தவறில்லை என்று விசாரணை மன்றத்தின் ஜூரி சொல்ல 2016 ஆனது, 27 ஆண்டுகள். ஜான் டிரூரி, ஸ்டீபன் ரெய்ச்சர் போன்ற உளவியலாளர்கள் இதற்கு நேர்மாறான ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பில் உயிர் தப்பியவர்கள், முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் உதவியதைச் சொன்னார்கள். அலகாபாத் மாக மேளாவில் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வில், குளிரிலும் இரைச்சலிலும் ஒரு மாதம் தங்கிய பக்தர்களின் நலம் தங்காதவர்களைவிட மேம்பட்டிருந்தது. 'நாம் எல்லோரும் ஒன்றுக்காக வந்தவர்கள்' என்ற உணர்வு மனிதரை மனிதர் தாங்கச் செய்கிறது. கிரிவலத்தில் நடந்த எவருக்கும் இது புதிதல்ல.

அந்த உணர்வுக்குள் காக்கிச் சட்டையும் ஓர் அங்கமாக இருந்தால் கூட்டம் அதன் சொல்லைக் கேட்கும். "சாமி, கொஞ்சம் நின்னு போங்க. முன்னாடி கொழந்தைங்க இருக்காங்க" என்று காரணத்தோடு சொல்லும் குரலுக்கும், தரையில் தட்டும் லத்திக்கும் உள்ள வித்தியாசத்தை மாட வீதியில் பல தடவை பார்த்திருக்கிறேன். முதல் குரலுக்கு முன்வரிசை கையை விரித்துப் பின்வரிசையைத் தானே நிறுத்துகிறது. லத்திச் சத்தத்துக்கு எல்லோரும் உள்நோக்கி நெருங்குகிறார்கள். கட்டத்தில் ஆறு இருந்தது எட்டாகிறது. குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் செல்பேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடும் காவலர்களை இங்கே எல்லோரும் வாழ்த்துகிறார்கள். அதே ஊரில் 2025 செப்டம்பர் இறுதியில் ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமை வழக்கில் இரு காவலர்கள் கைதாகி, பணியிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். சீருடை மேல் நம்பிக்கை சேர்வதும் கரைவதும் திருவிழா அல்லாத நாட்களில்தான். நள்ளிரவில் ஒரு காவலர் 'இந்தப் பக்கம் வாங்கம்மா' என்று கை காட்டும்போது அந்தப் பெண்மணி தயங்காமல் திரும்புவாரா என்பதை ஆண்டின் மற்ற நாட்கள் தீர்மானிக்கின்றன.

அறிவியல் சொன்னதைக் காவல் துறை கேட்டு நடந்த ஒரு நாளும் இதே ஊரில் உண்டு. ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். தீபத்துக்குப் பன்னிரண்டே நாள் இருந்தது. புவியியல் வல்லுநர்கள் மலையை ஏறிப் பார்த்து, மண் இன்னும் இளகியிருக்கிறது என்றார்கள். வழக்கமாகக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பக்தர்களை மலையேற விடுவது அந்த ஆண்டு நிறுத்தப்பட்டது. கொப்பரையும் நெய்யும் காடாத் துணியும் கொண்டுபோகிறவர்கள் மட்டும் ஏறினார்கள். டிசம்பர் 13 மாலை ஆறு மணிக்குத் தீபம் எரிந்தது. உச்சியில் நிற்க ஆசைப்பட்டவர்கள் கீழே நின்று கும்பிட்டார்கள். பெரிய முணுமுணுப்பு எதுவும் என் காதில் விழவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நெருக்கத்தில் மாட்டிக்கொண்டால் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கோயில் வாசலில் நான் மாட்டியபோது இது எனக்குத் தெரியாது. இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் மடக்கி வையுங்கள், விலாவுக்கு விரிய இடம் கிடைக்கும். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை ஓயும் இடைவெளியில் குறுக்காக, ஓரத்தை நோக்கி ஓரிரு அடி நகருங்கள். ஆனால் சுவரிலோ தடுப்பிலோ முதுகைச் சாய்க்காதீர்கள். கீழே விழுந்த பையையும் போனையும் எடுக்கக் குனியவே வேண்டாம். குழந்தையைத் தோளுக்கு ஏற்றுங்கள். நாலா பக்கமும் உடல்கள் படுகின்றன, கையை முகத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை என்றால் கட்டத்தில் ஐந்தைத் தாண்டிவிட்டது, அப்போதே வெளியேறப் பாருங்கள்.

தீபத்தன்று இரவு இரண்டு மணி இருக்கும். இடுக்குப் பிள்ளையாருக்கு நாற்பது அடி முன்னால், மண்டபத்துக்கு முதுகைக் காட்டி, வருகிற கூட்டத்தைப் பார்த்தபடி ஓர் இளம் காவலர் நின்றுகொண்டிருந்தார். கையில் தாம்புக் கயிற்றின் ஒரு முனை, எதிர் ஓரத்தில் இன்னொருவரிடம் மறுமுனை. கயிற்றை இடுப்பளவுக்கு உயர்த்தினார்கள், முன்வரிசை நின்றது. "ஒரு நிமிஷம் சாமி, முன்னாடி காலியாவட்டும்" என்றார். ஒரு பெரியம்மா அந்த ஒரு நிமிடத்தில் புடவைத் தலைப்பால் பாதத்தைத் துடைத்துக்கொண்டார். காவலர் திரும்பித் தன் பின்னால் இருந்த தரையைப் பார்த்தார். தார்ச்சாலை தெரிந்தது. கயிறு இறங்கியது, நடந்தோம்.